எதுக்குன்னு சொல்லுங்க, பாக் ஹாஜி

நோன்புப் பெருநாள் காலையில், தொழுகை முடிந்த கையோடு ஊர் மொத்தமும் ஹாஜி தர்சோனோ வீட்டு முற்றத்தில் வரிசை கட்டும். ஹாஜி மடிப்புக் கலையாத கைலியும் வெள்ளைத் தொப்பியுமாக நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஒவ்வொருவராகப் போய் அவர் கையைப் பிடித்து, "உள்ளும் புறமும் மன்னிச்சுக்கங்க" என்பார்கள். அவரும் அதையே திருப்பிச் சொல்வார். அவ்வளவுதான், அடுத்த ஆள். வருஷம் பூராவும் ஒருவருக்கொருவர் செய்துகொண்ட தப்பெல்லாம் அந்த ஒரு வரியோடு தீர்ந்துபோகும். எந்தத் தப்பு என்று யாரும் கேட்பதில்லை. கேட்பது மரியாதை இல்லை.

துமிரா கேட்பாள்.

தன் முறை வந்ததும் அவர் கையை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொள்வாள். "நான் மன்னிக்கத் தயார், பாக் ஹாஜி. எதுக்குன்னு மட்டும் சொல்லுங்க."

"எல்லாத்துக்கும்தான், யூ" என்று ஹாஜி சிரிப்பார். பாக் என்றால் ஐயா, யூ என்றால் அக்கா. ஊரில் சின்னவர் பெரியவர் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"எல்லாத்துக்கும்னா எதுக்கும் இல்லைன்னு அர்த்தம். எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும். எதுன்னு உங்களுக்கே தெரியும்."

வரிசையில் பின்னால் தொண்டையைக் கனைப்பார்கள். "வெயில் ஏறுது, யூ" என்று யாராவது முனகுவார்கள். ஹாஜி கையை உருவிக்கொண்டு அடுத்த ஆளைப் பார்ப்பார். துமிரா மேஜைமேல் வைத்திருக்கும் பிஸ்கட்டைத் தொடாமல் வாசலைத் தாண்டிப் போய்விடுவாள். அடுத்த வருஷமும் வருவாள், அதையே கேட்பாள்.

பிடிவாதக்காரி என்றார்கள். கல்நெஞ்சுக்காரி என்றார்கள். நல்ல நாளும் அதுவுமாக ஒரு பெரிய மனிதரைக் கூனிக் குறுக வைக்கிறாளே என்றார்கள். அவர் எங்கே கூனினார், எங்கே குறுகினார்? நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார். குறுகியதெல்லாம் வரிசையில் நின்றவர்கள்தான்.

துமிராவுக்கு மணல் குவாரிப் பாதையில் ஒரு தட்டிக் கடை. காலையில் பெச்செல் விற்பாள். வெந்த கீரையும் பயறு முளையும் சோற்றின்மேல் வைத்து, வேர்க்கடலையும் மிளகாயும் கச்சோலமும் அரைத்த குழம்பை ஊற்றி, வாழையிலையை மடித்து ஈர்க்குச்சி குத்திக் கொடுப்பாள். லாரிக்காரர்களுக்கு அவள் கடைதான் முதல் நிறுத்தம். அவள் வாய்க்குப் பயந்துகொண்டே வருவார்கள். ஒருவன் காரம் தாங்காமல் கண்ணில் நீர் வழிய, "எல்லாம் என் விதி, யூ" என்றான்.

"காரம் கூடினது என் கை. தெரிஞ்சும் ரெண்டாவது தடவை ஊத்திக்கிட்டது உன் நாக்கு. நடுவுல விதி எங்கடா வந்துச்சு?" என்றாள்.

இதைக் கேட்டு அவள் விதியை நம்பாதவள் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் ஊரில் அவளைவிட நம்பியவர்கள் கிடையாது. ஒரு தேங்காய் விழுந்தால்கூட, அது விழவேண்டிய நேரம் எழுதியிருக்கிறது என்பாள். கூடவே, தென்னைக்கு அடியில் கட்டிலைப் போட்டவனை வாய்க்கு வந்தபடி திட்டுவாள். இரண்டும் எப்படிச் சேரும் என்று கேட்டால், "ஏன், சேரக்கூடாதா?" என்று நம்மையே திருப்பிக் கேட்பாள்.

அவள் புருஷன் பைமான் குவாரியில் மண் வெட்டியவர். கெலூத் எரிமலை எப்போதோ கக்கிய மணல் ஆற்றின் இரு கரையிலும் சுவர் சுவராக நிற்கிறது. அதை அடியிலிருந்து வாரி லாரியில் ஏற்றுவதுதான் இங்கே பிழைப்பு. பைமான் அதிகம் பேசாதவர். மூன்று வார்த்தையில் முடிகிற விஷயத்தை ஒரு தலையாட்டலில் முடிப்பார். துமிராவின் பேச்சைக் கேட்டுச் சிரிப்பதற்காகவே கல்யாணம் செய்துகொண்டதாக ஒருமுறை சொன்னாராம். அவர் வாயிலிருந்து வந்த நீளமான வாக்கியம் அதுதான் என்று அவளே சொல்வாள்.

அப்போது தர்சோனோ ஹாஜி ஆகவில்லை. இரண்டு லாரி வைத்திருந்த வெறும் பாக் தர்சோனோதான். மேல்கரையில் புதிதாக ஒரு குழி திறக்க ஏற்பாடு செய்தார். நாள் பார்க்காமல் எங்கள் ஊரில் கோழிக்கூடுகூடக் கட்டமாட்டார்கள். ஏழு நாள் கிழமையையும் ஐந்து நாள் சந்தைக் கிழமையையும் சேர்த்துக் கூட்டி, எது நல்லது எது ஆகாது என்று சொல்லும் மங்குன் என்பவரை அழைத்து நாள் குறித்தார்கள். விருந்துச் சோறு வடிக்கத் துமிராவைக் கூப்பிட்டார்கள். விடியும் முன்பே எழுந்து மஞ்சள் சோறு வடித்து, கூம்பாக அடுக்கி, சுற்றிலும் கோழியும் முட்டையும் வைத்தாள்.

முந்தின இரவு மழை கொட்டித் தீர்த்திருந்தது. குழியின் சுவர் மேலிருந்து கீழ்வரை ஈரத்தில் கறுத்து நின்றது. ஓதி முடிந்து எல்லோரும் சோற்றைச் சுற்றி நின்றபோது பைமான்தான் வாயைத் திறந்தார். "சுவரு ஊறியிருக்கு, பாக். ரெண்டு நாள் காயட்டுமே."

துமிரா பக்கத்தில் நின்று இலை துடைத்துக்கொண்டிருந்தாள். தர்சோனோ சொன்னதை அவள் தன் காதால் கேட்டாள்.

"ரெண்டு நாளா? இன்னிக்கு விட்டா இந்த நாள் திரும்பி வர முப்பத்தஞ்சு நாள் ஆகும். சோறு வெச்சாச்சு, ஓதியாச்சு. இதவிட நல்ல நாள் இந்த வருஷத்துலயே இல்லைன்னு மங்குன் சொல்லிட்டார். நீ இறங்கு பைமான். முதல் வெட்டு உன் கைராசியா இருக்கட்டும். ஒண்ணும் ஆகாது."

பைமான் சுவரைப் பார்த்தார். மஞ்சள் சோற்றைப் பார்த்தார். பிறகு துமிராவைப் பார்த்து, "கோழிக்கால் எனக்கு எடுத்து வை" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியோடு இறங்கினார்.

நாலு கூடை மண்கூட வாரியிருக்கமாட்டார். சுவர் அப்படியே உட்கார்ந்தது. ஊரே ஓடிப்போய்க் கையாலும் தட்டாலும் மண்ணைத் தோண்டியது. துமிராவும் தோண்டினாள். இலையில் சுற்றிய கோழிக்காலை இடுப்பில் செருகியிருந்ததே அவளுக்குத் தெரியவில்லை. மையித்தைக் குளிப்பாட்டும்போதுதான் அது கீழே விழுந்தது.

போலீஸ் வந்து விபத்து என்று எழுதிக்கொண்டு போனது. தர்சோனோ துமிராவின் வீட்டுப் பாயில் உட்கார்ந்து அழுதார். பொய்யழுகை இல்லை, மனதார அழுதார். அதை இல்லையென்று சொன்னால் பாவம். அழுதுகொண்டே, "விதி, யூ. மனச விட்டுடுங்க" என்றார்.

"நீங்கதானே இறங்குன்னு சொன்னீங்க?" என்றாள் துமிரா.

"நான் யாரு? நான் ஒரு சாக்கு. எழுதினவன் மேல இருக்கான்."

அந்த வார்த்தைதான் அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அதற்குமேல் இன்னொன்றும் வந்தது. ஏழாம் நாள் ஓதலுக்கு ஊர் கூடியிருந்தபோது, நாள் குறித்த மங்குன் தேநீரை உறிஞ்சிக்கொண்டே ஒரு கண்டுபிடிப்பைச் சொன்னார். குழி திறந்த நாளில் எந்தக் குறையும் இல்லையாம். பைமான் பிறந்த கிழமைதான் அந்த நாளோடு மோதுகிறதாம். இப்படிப்பட்ட ஆள் அன்றைக்கு இறங்கியிருக்கக் கூடாதாம். வீட்டுக்காரிக்காவது நினைவிருந்திருக்க வேண்டாமா என்று கேட்டுவிட்டு அடுத்த வாய் குடித்தார்.

உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அட, அதுதான் காரணமா என்று ஒருவர் நிம்மதியாக மூச்சுவிட்டார். எப்படிப்பட்ட நிம்மதி பாருங்கள்! நாள் குறித்தவர் தப்பில்லை, இறங்கச் சொன்னவர் தப்பில்லை, ஊறிய சுவர் தப்பில்லை. செத்தவன் தப்பான கிழமையில் பிறந்துவிட்டான், அவ்வளவுதான். பிறந்த குற்றத்துக்கு மண்ணுக்குள் போய்விட்டான். இந்த நியாயத்தைக் கேட்டுக்கொண்டு மோதின் கஸ்புல்லாவும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். கல்யாணத்திலிருந்து கபர் வரை ஊருக்கு ஓதுகிறவர் அவர். நாலு கிதாபு ஓதிய மனிதர். அவரும் வாயைத் திறக்கவில்லை.

துமிரா எழுந்து நின்று கேட்டாள். "எல்லாம் எழுதினபடிதான் நடக்கும்னா எதுக்கு நாள் பாத்தீங்க? நாளை மாத்த முடியும்னா, ரெண்டு நாள் தள்ளிப் போட்டிருக்க முடியாதா? லாபத்துக்கு மட்டும் உங்களுக்குக் கை முளைக்குது. சாவு வந்தா கையை மடியில வெச்சுக்கிறீங்க."

"துக்கத்துல பேசறா" என்றார்கள். துக்கத்தில் பேசினால் அது பேச்சில்லையா? மறுநாள் தர்சோனோ வீட்டிலிருந்து ஒரு மூட்டை அரிசி வந்தது. வந்த வண்டியிலேயே அதைத் திருப்பி ஏற்றிவிட்டாள்.

சில வருஷத்தில் தர்சோனோவுக்கு லாரிகள் பெருகின. மக்காவுக்குப் புறப்பட்டார். வழியனுப்பு விருந்தில் ஒலிபெருக்கி வைத்துப் பேசினார். "ஒண்ணுமில்லாம ஆரம்பிச்சேன். இந்தக் கையால, இந்த வேர்வையால இந்த இடத்துக்கு வந்தேன். சும்மா உக்காந்திருக்கறவனுக்கு ஆண்டவன் கொண்டுவந்து கொட்டமாட்டான். மனுஷன் முயற்சி செய்யணும்." பெண்கள் முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த துமிரா வாய்விட்டுச் சிரித்தாள். முன்வரிசை வரைக்கும் கேட்டது.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அவள் ஹாஜியை மட்டும் கேள்வி கேட்டவள் இல்லை. வியாழக்கிழமை சாயங்காலம் பூ எடுத்துக்கொண்டு பைமானின் கபருக்குப் போவாள். பூவைத் தூவிவிட்டுத் திட்ட ஆரம்பிப்பாள். "முடியாதுன்னு சொல்ல உனக்கு வாய் இல்லையா, மனுஷா? ஒரு தடவை சொன்னே, இன்னொரு தடவை சொல்றதுக்கென்ன? கால் உன் கால்தானே? யாராவது தூக்கிக்கிட்டுப் போயா இறக்கினாங்க?" பிறகு குரலை இறக்கி, "நானும் பக்கத்துலதான் நின்னேன். இலையைத் துடைச்சுக்கிட்டு நின்னேன்" என்பாள். புல்லைப் பிடுங்கிச் சுத்தம் செய்துவிட்டு எழுந்து வருவாள். அவளுக்கு எல்லோர் பங்கும் தெரியும், தன் பங்கு உட்பட. ஹாஜியிடம் அவள் கேட்டது அவருடைய பங்கை மட்டும்தான். தண்டனை கேட்கவில்லை, நஷ்டஈடு கேட்கவில்லை. "நான்தான் இறங்கச் சொன்னேன்" என்கிற ஒரு வாக்கியம். அதைச் சொல்லிவிட்டால் அவள் மன்னித்துவிடுவாள். மன்னிக்கத்தான் வருஷா வருஷம் அந்த வரிசையில் போய் நின்றாள். செய்ததாகவே ஒப்புக்கொள்ளாதவரை எப்படி மன்னிப்பது? விதி செய்தது என்றால் விதியையா மன்னிக்க முடியும்?

போன மழைக்காலத்தில் ஹாஜி படுக்கையில் விழுந்தார். சிறுநீரகம் கெட்டுவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கே கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் அவர் சாகவும் இல்லை, இருக்கவும் இல்லை. யாசீன் ஓதினார்கள், ஜம்ஜம் தண்ணீர் வாயில் விட்டார்கள். கண் மேலே செருகும், மறுபடி இறங்கும். முனகல் தெருவரைக்கும் கேட்கும். இப்படி உயிர் இழுத்துக்கொண்டு கிடந்தால் எங்கள் ஊரில் ஒன்று சொல்வார்கள். யாரோ ஒருவர் மனதில் இருக்கிற வருத்தம் அந்த உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது, அவர் வந்து "விட்டேன்" என்று சொன்னால்தான் உயிர் அடங்கும் என்பார்கள். வீட்டார் ஒவ்வொருவராக அழைத்துச் சொல்லவைத்தார்கள். கடைசியில் மோதின் கஸ்புல்லா பெச்செல் கடைக்கு வந்து நின்றார்.

"சாப்பாடா, சமாச்சாரமா?" என்றாள் துமிரா.

"ரெண்டும்தான், யூ" என்று பெஞ்சில் உட்கார்ந்தார். இலையை வாங்கிக்கொண்டாரே தவிர கை வைக்கவில்லை. "பாக் ஹாஜி ரொம்பக் கஷ்டப்படறார்."

"கேள்விப்பட்டேன்."

"யாரோ ஒருத்தரோட மனக்குறைதான் பிடிச்சு வெச்சிருக்குன்னு வீட்டுல பேசிக்கிறாங்க."

"யாரோ ஒருத்தரா?"

"நீங்கதான், யூ."

துமிரா அம்மிக்குழவியைக் கீழே வைத்தாள். "பாக் மோதின், சாவு நேரம் எழுதினதா, எழுதலையா?"

"எழுதினதுதான். நொடி முந்தாது, நொடி பிந்தாது."

"அப்ப நான் எங்கேருந்து பிடிச்சு வெச்சிருக்கேன்? பெச்செல் விக்கிற துமிராவுக்கு இவ்வளவு கை நீளமா? பைமான் செத்தப்போ இந்த ஊர்ல ஒருத்தருக்கும் கை இல்ல. எல்லாரும் சாக்கு, எல்லாம் எழுத்து. இப்ப ஹாஜி சாகறதுக்கு மட்டும் என் நாக்கு வேணுமா? எழுதினவன்கிட்டயே போய்க் கேளுங்களேன்."

மோதின் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு சொன்னார். "யூ, நான் ஓதினவரைக்கும் சொல்றேன். எழுதினது அவன். செய்யறது நாம. ரெண்டுமே நெசம். நாளைக்கு நீங்க என்ன செய்வீங்கன்னு அவனுக்குத் தெரியும். தெரிஞ்சதனால உங்க கை கட்டிப் போகல. மனசார நீங்க செஞ்சா அது நீங்க செஞ்சதுதான். கேள்வியும் உங்களைத்தான் கேப்பான்."

"அதத்தானே நான் இத்தனை வருஷமா அவர்கிட்ட கேக்கறேன்!" துமிராவின் குரல் குவாரிப் பாதை வரைக்கும் போனது. நின்றிருந்த லாரிக்காரன் எட்டிப் பார்த்தான். "இத ஏழாம் நாள் ஓதல்ல அத்தனை பேர் முன்னாடி சொல்லியிருக்கலாமே, பாக் மோதின்? மங்குன் டீயக் குடிச்சுக்கிட்டு என் புருஷன் பொறந்ததே தப்புன்னு சொன்னாரே, அப்ப எங்க போச்சு இந்த ஓதல்?"

"நம்ம பள்ளிவாசலுக்குக் கூரை போட்டவர் பாக் தர்சோனோ, யூ" என்றார் மோதின் மெதுவாக. "எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு. நான் பயந்தேன்."

துமிரா அவரையே பார்த்தாள். கோபம் கொஞ்சம் இறங்கியது. "பயந்தேன்னு சொல்றீங்க பாருங்க, அது போதும். உங்களை இப்பவே மன்னிச்சுட்டேன். சாப்பிடுங்க, ஆறிப்போகுது" என்றாள்.

சாயங்காலம் அவள் ஹாஜி வீட்டுக்குப் போனாள். மகள் விதாயாத்தி வாசலுக்கே ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. ஒரு மாதமாக அப்பாவைத் தூக்கிவைத்துத் துடைத்துவிடுகிறவள் அவள்தான். "வந்துட்டீங்களா, யூ? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்று உள்ளே இழுத்துப்போனாள்.

துமிரா ஹாஜியைப் பார்த்தாள். அவ்வளவு பெரிய உடம்பு ஒரு போர்வை மடிப்புக்குள் அடங்கிக் கிடந்தது. பாவமாக இருந்தது, உண்மையிலேயே பாவமாக இருந்தது. மன்னித்தேன் என்கிற சொல் அவள் நாக்கின் நுனிக்கே வந்துவிட்டது. அவர் கண்ணைத் திறந்து அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

"யூ... உள்ளும் புறமும்..."

"எதுக்கு, பாக் ஹாஜி?"

விதாயாத்திக்கு மாமன் முறையுள்ள ஒருவர், "இப்பவுமா?" என்று பல்லைக் கடித்தார். துமிரா அவர் பக்கமே திரும்பவில்லை. ஹாஜியின் முகத்துக்குக் கிட்டே குனிந்து, கெஞ்சுகிற குரலில் சொன்னாள்.

"இறங்குன்னு சொன்னது நான்தான்னு சொல்லுங்க. அவ்வளவுதான். அதுக்கப்புறம் விதின்னு நூறு தடவை சொல்லுங்க, நானும் உங்ககூடச் சேந்து ஆமான்னு சொல்றேன். விதி இல்லைன்னு நான் எப்ப சொன்னேன்? நீங்களும் இருந்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

ஹாஜியின் உதடு அசைந்தது. எல்லோரும் குனிந்தார்கள்.

"நல்ல நாள்" என்றார். மூச்சு வாங்கினார். "அது... நல்ல நாளாத்தான் இருந்துச்சு, யூ."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாகிற நேரத்திலும் அந்த நாள் நல்ல நாளாகவே இருக்க வேண்டியிருந்தது அவருக்கு. துமிரா கொஞ்ச நேரம் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். பொய்யாகவாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், யாரும் நெஞ்சைத் திறந்து பார்க்கப்போவதில்லை. அவள் எழுந்தாள். விதாயாத்தி வழிமறித்து முந்தானையைப் பிடித்தாள். அதை மெதுவாக விடுவித்துக்கொண்டு துமிரா வெளியே வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து மறுநாளைக்கு வேர்க்கடலை வறுக்க உட்கார்ந்தாள். பாதியைக் கருக்கிவிட்டாள்.

மறுநாள் முற்பகலில் ஹாஜி போய்ச் சேர்ந்தார். பெருநாள் வரிசை நிற்கும் அதே முற்றத்தில் அவரைக் கிடத்திய சந்தூக்கை வைத்தார்கள். ஊர் திரண்டிருந்தது. துமிராவும் வந்து ஓரமாக நின்றாள். தூக்குவதற்கு முன் மோதின் வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார். "இந்த மையித்து எப்படிப்பட்டவர்?"

"நல்லவர்!" என்றது ஊர்.

மறுபடியும் கேட்டார், மறுபடியும் சொன்னது. மூன்றாவது தடவையும் சொன்னது. துமிராவின் வாய் மூடியே இருந்தது. அதை விதாயாத்தி பார்த்துவிட்டாள்.

"ராத்திரி பூரா துடிச்சார்!" கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்தாள். "விடிய விடிய என் கையப் பிடிச்சுக்கிட்டுத் துடிச்சார், யூ. உங்க வாயில ஒரு வார்த்தை. அதுகூடக் கொடுக்காம எழுந்து போனீங்க. நீங்கதான் எங்கப்பாவைத் துடிக்க வெச்சீங்க. நீங்கதான்!"

கூட்டத்தில் ஆமாம் ஆமாம் என்று ஒரு முணுமுணுப்பு ஓடியது. மாமன்காரர், "இவ செஞ்ச வேலைதான்" என்று உரக்கவே சொன்னார். முதுகு வளைந்துபோன மங்குனும் தலையை ஆட்டினார். யார் யார் ஆட்டினார்கள் என்று நினைக்கிறீர்கள்? பைமானின் ஏழாம் நாளில் ஆட்டிய அதே தலைகள். அன்றைக்கு ஒரு மனிதன் மண்ணுக்குள் போனதற்கு ஊரில் ஒருவரும் காரணமில்லை. இன்றைக்கு ஒரு கிழவர் படுக்கையில் வேதனைப்பட்டதற்குப் பெச்செல் கடைக்காரி காரணம். கேட்கவே வயிறு எரிகிறது.

துமிராவுக்குப் பதில் கையில் தயாராக இருந்தது. 'விதி, விதா. எழுதினது. நான் யாரு, ஒரு சாக்கு. மனச விட்டுடு.' அவர்கள் அவளுக்குக் கொடுத்ததை அப்படியே திருப்பிக் கொடுக்கலாம். ஒருவராலும் வாய் திறந்திருக்க முடியாது. அவள் உதடு பிரிந்ததைப் பார்த்த மோதினுக்கு அந்த வார்த்தைதான் வரப்போகிறது என்று பட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமா, விதா" என்றாள் துமிரா. "நான்தான்."

முணுமுணுத்தவர்கள் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"அவர் போற நேரம் எழுதினது. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா சொல்லாம எழுந்து வந்தது நான். என் வாய், நான்தான் மூடிக்கிட்டேன். யாரும் வந்து மூடல. சொல்லியிருந்தா அவர் மனசு ஒரு ராத்திரியாவது ஆறியிருக்கும். தெரிஞ்சுதான் வந்தேன். உன் அப்பாவை அப்படி விட்டுட்டு வந்ததுக்கு உன்கிட்ட மன்னிப்புக் கேக்கறேன். எதுக்குன்னு சொல்லியே கேக்கறேன்."

மன்னித்தேன் என்று விதாயாத்தி சொல்லவில்லை. சொல்லியாக வேண்டும் என்று துமிரா காத்திருக்கவும் இல்லை. சந்தூக்கின் பக்கம் திரும்பினாள்.

"பாத்தீங்களா, பாக் ஹாஜி? எவ்வளவு நேரம் ஆச்சு, இதச் சொல்ல?"

மோதின் யார் முகத்தையும் பார்க்காமல் கையைக் காட்டினார். சந்தூக்கைத் தூக்கினார்கள். துமிரா ஒதுங்கி வழிவிட்டாள்.